கேமராவுக்கு வாய் இல்லை

2024 ஜூன் 11ஆம் தேதி தோஹாவில் நடந்ததை மறந்த இந்தியக் கால்பந்து ரசிகர் இருக்க முடியாது. உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியின் இரண்டாம் சுற்று, கத்தாருக்கு எதிரான கடைசி ஆட்டம். ஜெயித்தால் இந்தியா முதல்முறையாக மூன்றாம் சுற்றில் கால் வைக்கும். 37ஆவது நிமிடத்தில் லாலியன்சுவாலா சாங்தே கோல் அடித்து நம்மை முன்னிலையில் வைத்திருந்தார். 73ஆவது நிமிடத்தில் கத்தாரின் யூசுஃப் அய்மன் தலையால் முட்டிய பந்தை கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுத்தார். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. கார்னர்தான் என்று நம் ஆட்கள் நின்றுவிட்டார்கள். வெளியே போன பந்தை ஒரு கத்தார் வீரர் காலால் இழுத்து உள்ளே விட்டார், அய்மன் வலைக்குள் தள்ளினார். தென்கொரிய நடுவர் கோல் என்று கை காட்டிவிட்டார். 85ஆவது நிமிடத்தில் இன்னொரு கோல். 2–1 என்று தோற்று வெளியேறினோம்.

அன்றைக்கே ரசிகர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். வீடியோ நடுவர் முறை, அதாவது வி.ஏ.ஆர்., இருந்திருந்தால் இந்த அநியாயம் நடந்திருக்காது. அது வந்துவிட்டால் இந்தியக் கால்பந்தில் அநியாயத்துக்கே இடம் இருக்காது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் டீக்கடையில், கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போய் கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப்பின் ரசிகனாகத் திரும்பிவந்த பையன் இதைத்தான் சொல்கிறான். சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு நீலச் சட்டை போட்டு வருகிற ஐ.டி. ஊழியரும் இதையேதான் சொல்கிறார். "கேமரா பொய் சொல்லுமா சார்?" என்று கேட்டுவிட்டால் பேச்சு முடிந்துபோயிற்று என்று இருவருக்கும் நினைப்பு.

கேமரா பொய் சொல்லாதுதான். ஆனால் அது எதையுமே சொல்வதில்லை. படத்தைப் பார்த்து, இது இன்னது என்று சொல்கிறவர் ஒரு மனிதர். அவர் முன்பு மைதானத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி நின்றிருந்தார். இப்போது ஓர் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார். ரசிகர்கள் நியாயம் என்று கொண்டாடுவது பெரும்பாலும் இந்த இடமாற்றத்தைத்தான்.

தோஹா விஷயத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் பந்து வெளியே போனது. கோலுக்கு முன் பந்து வெளியே போனதா என்பதை வி.ஏ.ஆர். பார்க்கலாம், விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. இருந்திருந்தால் அந்த கோல் செல்லாமல் போயிருக்கும். ஆனால் அது எந்த வகைப் பிழை? பந்து கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பது. கிராமத்தில் கோடு போட்டுக் கபடி ஆடுகிற சிறுவர்களுக்கும் புரிகிற கேள்வி. அதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில். இத்தகைய கேள்விகளுக்கு இயந்திரம் உதவும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்தும் கோல் தரப்படவில்லை. அதற்குப் பிறகுதான் கோல் கோட்டுத் தொழில்நுட்பம் வந்தது. நல்லதுதான். ஆனால் கால்பந்தில் ரசிகர்களின் ரத்தக் கொதிப்பை ஏற்றுகிற கேள்விகள் இந்த ரகமல்ல. வேண்டுமென்றே கையால் தொட்டாரா, தற்செயலா? தள்ளினாரா, தானாக விழுந்தாரா? மஞ்சள் அட்டையா, சிவப்பு அட்டையா? இவற்றுக்குக் கோடு கிடையாது. தோஹாவைக் காட்டி இவற்றையும் கேமராவிடம் ஒப்படைக்கச் சொல்கிறவர்கள், ஒரு சாவி ஒரு பூட்டைத் திறந்ததால் ஊரிலுள்ள எல்லாப் பூட்டையும் திறக்கும் என்கிறார்கள்.

கோட்டுக் கேள்விகளையே எடுத்துக்கொள்வோம். அங்கேயாவது கருவி சொல்வது முடிவானதா?

எங்கள் ஜவ்வாது மலையில் கருவிகளைப் பற்றி நன்றாகவே தெரிந்த ஓர் இடம் இருக்கிறது. காவலூர் வானாய்வு மையம். இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்துவது. அங்கிருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில்தான் மெக்சிகோவில் மரடோனா கையால் கோல் போட்டார், துனீசிய நடுவருக்கு அது தெரியவில்லை. நான் சொல்ல வந்தது அதற்கும் ஒன்பது ஆண்டு முந்தைய கதை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடக்க இருந்தது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதைப் பதிவு செய்தார்கள். கிரகம் குறுக்கே வருவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி கொஞ்ச நேரம் மங்கி மீண்டது. கருவி பதிந்தது துல்லியமான உண்மை. அதற்கு அவர்கள் கொண்ட பொருள்: யுரேனஸுக்கு இதுவரை அறியாத ஒரு துணைக்கோள் இருக்கிறது. நேச்சர் இதழில் அப்படித்தான் வெளியிட்டார்கள். அதே நிகழ்வை அமெரிக்க வானியலாளர்கள் பறக்கும் விமானத்திலிருந்து பார்த்திருந்தார்கள். பல இடத்துப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது, அது துணைக்கோள் அல்ல, வளையம். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது இப்படித்தான்.

இதில் காவலூருக்கு ஒரு தலைகுனிவும் இல்லை. அறிவியல் நடக்கும் முறையே அதுதான். பதிவு ஒன்று, அதற்குப் பொருள் சொல்வது இன்னொன்று. பொருள் சொல்கிறவர் தன் அளவீட்டில் எவ்வளவு பிழைக்கு இடம் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இத்தனை, கூட்டியோ குறைத்தோ இத்தனை என்று எழுதாத எண்ணை ஒரு வானியலாளரும் வெளியே விடமாட்டார். ஆஃப்சைடு கோடு போடுகிறவர்களிடம் அந்தக் "கூட்டியோ குறைத்தோ" எங்கே என்று கேளுங்கள்.

கணக்கு பள்ளிக்கூடப் பையன் போடக்கூடியதுதான். ஒளிபரப்புக் கேமரா நொடிக்கு 50 படம் எடுக்கிறது என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.02 நொடி. வேகமாக ஓடும் முன்கள வீரர் நொடிக்கு 8 மீட்டர் போவார். அந்த இடைவெளியில் 16 செ.மீ. நகர்ந்துவிடுவார். தடுப்பாளர் எதிர்த்திசையில் ஓடிவந்தால் இருவருக்கும் நடுவே தூரம் 30 செ.மீ.க்கு மேல் மாறிவிடும். பந்தை உதைத்த கணம் இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்தால் எந்தப் படத்தை எடுப்பது? அதையும் ஓர் ஆள்தான் தேர்ந்தெடுக்கிறார். தேர்ந்தெடுத்த பிறகு திரையில் வருகிறது தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. 2019 நவம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக லிவர்பூலின் ராபர்ட்டோ ஃபிர்மினோவின் அக்குள் ஆஃப்சைடு என்று கோலை ரத்து செய்தது இந்த வித்தையில்தான். பிழையின் அகலம் ஒரு சாண், தீர்ப்பின் அகலம் ஒரு விரல்கடை! பிரீமியர் லீகே பின்னர், 2021–22 பருவத்திலிருந்து கோட்டைத் தடிமனாக்கி, நூலிழையில் இருந்தால் தாக்குபவருக்குச் சாதகம் என்று வைத்தது. சாதாரணமாக ஒரு மாற்றம் போலச் செய்தார்கள். உண்மையில் அது, அதுவரை போட்ட கோடுகளின் மேல் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை என்ற வாக்குமூலம்.

இப்போது அந்த நிலை மாறிவிட்டது, அரைத் தானியங்கி முறை வந்துவிட்டது என்பார்கள். வந்துவிட்டது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் கூரைக்குக் கீழே 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை தொடர்ந்தன. பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை செய்தி அனுப்பியது. பிழை குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் குறைந்த பிழையும் பிழைதான், அதன் அளவை இன்னும் திரையில் காட்டுவதில்லை. 2024 யூரோவில் டென்மார்க், ஜெர்மனி ஆட்டம். டென்மார்க்கின் யோவாகிம் ஆண்டர்சன் அடித்த கோல், தாமஸ் டிலேனியின் கால் கட்டைவிரல் முந்தியிருந்ததாக ரத்தானது. சில நிமிடத்துக்குள் அதே ஆண்டர்சனின் கையில் பந்து உரசியதைப் பந்துக்குள் இருந்த சென்சார் காட்டிக்கொடுக்க, ஜெர்மனிக்குப் பெனால்டி. 1–0 ஆகியிருக்க வேண்டியது 0–1 ஆனது. ஆஃப்சைடு விதி எதற்காக வந்தது? கோல் வாசலில் போய்ப் படுத்துக்கொண்டு பந்துக்குக் காத்திருப்பதைத் தடுக்க. டிலேனியின் கட்டைவிரல் எதில் ஆதாயம் அடைந்தது என்று யாராவது சொல்லட்டும்.

இந்த இடத்தில் நம் ஊர் ரசிகருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது. கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ். முறையில் வரும் "அம்பயர்ஸ் கால்". எல்.பி.டபிள்யூ. முறையீட்டில், பந்து ஸ்டம்ப்பில் பாதிக்கும் குறைவாகத்தான் படும் என்று கணிப்பு சொன்னால், மைதானத்து அம்பயர் முதலில் கொடுத்த முடிவே நிற்கும். இதைத் திட்டாத ரசிகர் தமிழ்நாட்டில் இல்லை. "படுதுன்னா அவுட்டு, படலைன்னா நாட் அவுட்டு, அதென்ன ரெண்டுங்கெட்டான்?" என்பார்கள். நான் எதிர்க்கட்சி. விளையாட்டு உலகத்திலேயே நேர்மையான கருவி விதி அதுதான். இதற்கு மேல் எனக்குத் தெரியாது, இந்த எல்லைக்குள் நேரில் பார்த்தவர் சொல்லே செல்லும் என்று கருவி தன் வாயால் ஒப்புக்கொள்கிறது. காவலூர்க்காரர்கள் கேட்டால் தலையாட்டுவார்கள். ரசிகர்கள் மெச்சும் கால்பந்துக் கோட்டில் இந்த அடக்கம் இல்லை. அது 1 செ.மீ.க்கும் 1 மீட்டருக்கும் ஒரே குரலில் பேசுகிறது.

சரி, கோட்டை விடுவோம். கோடே இல்லாத கேள்விகளுக்கு வருவோம். 2018 மாஸ்கோவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், பிரான்ஸும் குரோஷியாவும் 1–1. கார்னரிலிருந்து வந்த பந்து குரோஷியாவின் இவான் பெரிசிச் கையில் பட்டது. அர்ஜென்டினா நடுவர் நெஸ்டர் பிட்டானா ஓரத்தில் இருந்த திரையில் பார்த்தார். திரும்பினார். மறுபடியும் போய்ப் பார்த்தார். பிறகு பெனால்டி கொடுத்தார். வி.ஏ.ஆர். தலையிட வேண்டியது "தெளிவான, வெளிப்படையான" பிழைக்கு மட்டும் என்பது சட்டம். இரண்டு முறை போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறதென்றால் அதில் தெளிவு எங்கே இருக்கிறது? பாதி உலகம் இன்றைக்கும் சரி என்கிறது, பாதி உலகம் தப்பு என்கிறது. படம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஸ்லோ மோஷன் இன்னும் மோசம். அமெரிக்காவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டினால், செய்தவர் வேண்டுமென்றே செய்தார் என்று பார்ப்பவர்கள் நினைப்பது கூடுகிறது என்று காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்டது கொலை வழக்குக் காணொளியும் அமெரிக்கக் கால்பந்து மோதலும். காரணம் எளிது. அரை நொடியில் நடந்ததை ஐந்து நொடிக்கு இழுத்தால், அந்த ஆளுக்கு யோசிக்க ஐந்து நொடி இருந்ததாக நம் மனசு எடுத்துக்கொள்கிறது. கால் வழுக்கி எதிராளியின் கணுக்காலில் விழுந்த பூட்ஸ், நிறுத்தி நிறுத்திக் காட்டினால் வெட்டரிவாள் போலத் தெரியும். இப்படிப் பார்த்துச் சிவப்பு அட்டை வாங்கியவர்கள் உலகம் முழுக்க உண்டு. இதையும் கேமரா உண்மை என்றே எழுதிக்கொள்வோமா?

இன்னொரு நம்பிக்கை: மனிதத் தவறு ஒழிந்துவிடும் என்பது. இதற்கு லண்டனில் 2023 செப்டம்பர் 30 அன்று நடந்ததைவிடக் கொடுமையான பதில் இருக்க முடியாது. டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்கு மைதானத்தில் ஆஃப்சைடு கொடி தூக்கிவிட்டார்கள். வி.ஏ.ஆர். அறையில் கோடு போட்டுப் பார்த்தார்கள், ஆஃப்சைடு இல்லை. கருவி சரியாகவே சொன்னது. ஆனால் அறையில் இருந்தவர், மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். "சோதனை முடிந்தது" என்று சொல்லிவிட்டார். ஆட்டம் ஆஃப்சைடு ஃப்ரீ கிக்கோடு தொடர்ந்தது. சில நொடியில் விபரீதம் புரிந்தது. ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பின்னால் போகக்கூடாது என்பது விதி. லிவர்பூல் கடைசி நிமிடத்தில் தன் வலைக்குள்ளேயே கோல் போட்டு 2–1 என்று தோற்றது. அறையில் பேசிய ஒலிப்பதிவை நடுவர் அமைப்பு பின்பு வெளியிட்டது. பதற்றமும் குழப்பமுமாக ஒருவர் மேல் ஒருவர் பேசுவது அதில் கேட்கிறது. கோடு துல்லியம், கேமரா துல்லியம். தவறு, எப்போதும் இருந்த இடத்தில், மனிதர் வாயில் இருந்தது.

அதற்கும் முன்னால் 2020 ஜூனில் ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டம். வில்லா கோல்கீப்பர் பந்தைக் கையில் பிடித்தபடி கோட்டுக்குள்ளே போய்விட்டார். வீட்டில் டி.வி. பார்த்த குழந்தைக்கும் தெரிந்தது. கோலைக் கவனிக்க வைத்த ஏழு கேமராக்களையும் ஆட்களும் கம்பமும் மறைத்துவிட்டதால் நடுவர் கைக்கடிகாரம் அதிரவில்லை. கருவியை நம்பி வி.ஏ.ஆரும் தலையிடவில்லை. ஆட்டம் 0–0. பருவ முடிவில் வில்லா 35 புள்ளியோடு தப்பியது, போர்ன்மவுத் 34 புள்ளியோடு கீழ்ப்பிரிவுக்கு விழுந்தது. அந்த ஒரு புள்ளி இல்லாவிட்டால், கோல் வித்தியாசத்தில் தப்பியிருப்பது போர்ன்மவுத். கருவி இல்லாத காலத்தில் நடுவர் தன் கண்ணை நம்பியிருப்பார். தப்பாகவும் நம்பியிருக்கலாம். ஆனால் பார்ப்பதையே விட்டிருக்க மாட்டார்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. தவறும் ஆட்டத்தின் அழகு, கேமரா ஆட்டத்தின் உயிரை எடுக்கிறது என்று உருகுகிறவர்கள். அவர்களோடும் எனக்குச் சேர்மானம் இல்லை. தோற்றவனைக் கேளுங்கள், தவறு எவ்வளவு அழகு என்று சொல்வான். 2009இல் தியரி ஆன்றி கையால் தட்டிக்கொடுத்த பந்தில் உலகக் கோப்பை வாய்ப்பைப் பறிகொடுத்த அயர்லாந்துக்காரரிடம் போய் இந்தக் கவிதையைப் படிக்க முடியாது. என் வழக்கு கேமராவோடு அல்ல. கேமரா வந்தால் நியாயம் தானாக வந்துவிடும் என்கிற சோம்பேறித்தனத்தோடு.

நியாயம் என்பது சரியான விடை மட்டும் என்றால், அது கணக்குப் பரீட்சை. விளையாட்டில் நியாயத்துக்கு வேறு சிலவும் வேண்டும். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட விதி, இருவருக்கும் ஒரே அளவில் பொருந்தும் கண்காணிப்பு, தீர்ப்புச் சொன்னவர் காரணம் சொல்வது. இவை இல்லாத இடத்தில் எத்தனை கேமரா வைத்தாலும் நம்பிக்கை வராது. துருக்கியைப் பாருங்கள். அங்கே உயர்நிலை லீகில் 2018இலிருந்து வி.ஏ.ஆர். உண்டு. 2023 டிசம்பரில் அங்காராகுஜு கிளப்பின் தலைவர் மைதானத்துக்குள் இறங்கி நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார். அடுத்த ஏப்ரலில் சூப்பர் கோப்பை ஆட்டத்துக்கு ஃபெனர்பாச்சே 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அனுப்பி, ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் வெளியேறியது. வீடியோ இருந்தது. நடுவர்கள்மேல் நம்பிக்கை இல்லை. நார்வேயில் 2024 ஜூலையில் ரோசன்போர்க் ஆட்டத்தில் ரசிகர்கள் மைதானத்தில் மீன் கட்லெட்டை வீசி வி.ஏ.ஆருக்கு எதிராகப் போராடி ஆட்டத்தையே நிறுத்தினார்கள். ஸ்வீடன் கிளப்புகள் வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டன. இங்கே நாம் இல்லாத ஒன்றுக்கு ஏங்குகிறோம், அங்கே கிடைத்தவர்கள் கட்லெட் வீசுகிறார்கள்.

கருவி காட்டியது சரி, விதிதான் தவறு என்று ஆன கதையும் உண்டு. 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக் பெனால்டி சுற்றில் அட்லெட்டிகோ மாட்ரிட்டின் ஹூலியன் ஆல்வாரஸ் வழுக்கியபடி உதைத்தார், பந்து வலைக்குள் போனது. உதைக்காத காலிலும் பந்து பட்டதாக வி.ஏ.ஆர். கண்டுபிடிக்க, கோல் செல்லவில்லை. ரியல் மாட்ரிட் ஜெயித்தது. மூன்று மாதம் கழித்து விதி வகுக்கும் சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம், தற்செயலாக இருமுறை பட்டு கோலானால் மறுபடி உதைக்க விட வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. ஆல்வாரஸுக்கு அதனால் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு தொடுதலைக் கருவி தெரியவைத்த பிறகுதான், அதற்கு என்ன தண்டனை என்று யாரும் யோசித்ததே இல்லை என்பது தெரிந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

தோஹாவில் நமக்கு நடந்த உண்மையான அநியாயம் என்ன? ஆசியக் கூட்டமைப்பு மூன்றாம் சுற்றிலிருந்து வி.ஏ.ஆர். வைத்தது, இரண்டாம் சுற்றில் வைக்கவில்லை. பலசாலிகள் மோதும் கட்டத்துக்கு ஒரு கண், அங்கே ஏறத் துடிப்பவர்கள் மோதும் கட்டத்துக்கு வேறு கண். அதை எதிர்த்து எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒரே போட்டியில் எல்லாச் சுற்றுக்கும் ஒரே முறை வை, இல்லாவிட்டால் எதற்கும் வைக்காதே. நம் ரசிகர்கள் அதைக் கேட்கவில்லை. இந்தியன் சூப்பர் லீகில், அதாவது ஐ.எஸ்.எல்.லில், வி.ஏ.ஆர். வேண்டும் என்று கேட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கசந்தாலும். அந்தச் சுற்றில் நம்மை வெளியேற்றியது அய்மன் மட்டுமா? 2024 மார்ச் 26 அன்று குவாஹாட்டியில், சொந்த மண்ணில், ஆப்கானிஸ்தானிடம் 2–1 என்று தோற்றோம். சுனில் சேத்ரியின் 150ஆவது சர்வதேச ஆட்டம் அது, நம் ஒரே கோல் அவர் அடித்த பெனால்டி. ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் அவர் விடைபெற்ற ஆட்டத்தில் குவைத்துக்கு எதிராக ஒரு கோல்கூட விழவில்லை. இந்த இரண்டில் ஒன்றை ஜெயித்திருந்தாலும் கடைசி நாளில் ஒரு நடுவர் கண்ணைச் சபிக்கும் நிலைக்கு வந்திருக்க மாட்டோம். அதே ஆண்டு ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை. எல்லா ஆட்டத்துக்கும் வி.ஏ.ஆர். இருந்தது, அரைத் தானியங்கி ஆஃப்சைடும் இருந்தது. இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 2–0, உஸ்பெகிஸ்தானிடம் 3–0, சிரியாவிடம் 1–0 என்று தோற்றது. ஆறு வாங்கினோம், ஒன்றுகூட அடிக்கவில்லை. உலகத்தின் மிக நேர்மையான கேமராக்கள் அத்தனையும் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

ஐ.எஸ்.எல். ரசிகர்கள் உடனே எடுத்துப்போடும் துருப்புச்சீட்டு ஒன்று உண்டு. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான நாக்அவுட் ஆட்டத்தின் கூடுதல் நேரம். பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவர் கட்டி முடிப்பதற்குள் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்து கோலாக்கினார். நடுவர் ஏற்றுக்கொண்டார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியை வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை. "வி.ஏ.ஆர். இருந்திருந்தா?" என்று அந்த மிளகு பறித்த பையன் இன்றைக்கும் கேட்கிறான். இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது தம்பி. அங்கே சண்டை பந்து எங்கே இருந்தது என்பதிலா? சீக்கிரம் உதைக்க நடுவர் அனுமதித்தாரா, விசிலுக்குக் காத்திருக்கச் சொன்னாரா என்பதில். அது நடுவர் சொன்ன சொல்லும் காட்டிய சைகையும். அதை எந்த அறையிலிருந்தும் யாரும் கோடு போட்டு அளக்க முடியாது. அன்றைய விதிப்படி வி.ஏ.ஆர். பார்க்கக்கூடியவை கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கு மட்டும். பிளாஸ்டர்ஸின் கோபத்துக்கு அந்தப் பட்டியலில் இடம் தேடினால் கிடைக்காது. அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் கூட்டமைப்பின் தலைவர் கல்யாண் சௌபே குறைந்த செலவிலான "வி.ஏ.ஆர். லைட்" முறை பற்றிப் பேசத் தொடங்கினார் என்பது இதில் ஒரு வேடிக்கை. நோய் ஒன்று, மருந்து வேறு.

பேச்சு பேச்சாகவே நிற்கையில் தொடரே தள்ளாடியது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். பருவத்தை நிறுத்திவைப்பதாக நடத்துகிறவர்களே அறிவித்தார்கள். வணிக உரிமைக்கு டெண்டர் விட்டபோது ஒருவர்கூட வரவில்லை. வீரர்களின் சம்பளம் கேள்விக்குறியானது. ஆட்டம் நடக்குமா என்றே தெரியாதிருந்த நாட்டில், நடக்காத ஆட்டத்தின் ஆஃப்சைடை எப்படி அளப்பது என்று விவாதிப்பதற்கு அப்போது ஒரு தனி மனதைரியம் வேண்டியிருந்தது.

வி.ஏ.ஆர். கேட்பவர்கள் யோசிக்காத ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு இப்போது ஒரு நடுவர், இரண்டு உதவி நடுவர்கள், நான்காவது அலுவலர் ஒருவர். வி.ஏ.ஆர். வந்தால் அறையில் குறைந்தது இருவர் கூட வேண்டும். அங்கே உட்காருகிறவர், பணியில் இருக்கும் நடுவராகவோ முன்னாள் நடுவராகவோதான் இருக்க வேண்டும் என்பது விதி. கணினி தெரிந்த யாரையோ கொண்டுவந்து உட்காரவைக்க முடியாது. இந்த ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை நாம் கண்ணாலேயே எரித்த அதே வரிசையிலிருந்து. நம் நடுவர்களில் பலர் வேறொரு வேலையைப் பார்த்துக்கொண்டே விசில் ஊதுகிறவர்கள். திண்டுக்கல்லின் ரூபாதேவி, தமிழ்நாட்டிலிருந்து ஃபிஃபா நடுவரான முதல் பெண். அவர் பெயரைச் சொன்னால் எத்தனை ரசிகர்களுக்கு அடையாளம் தெரியும்? மெஸ்ஸியின் காலணி அளவு தெரிந்தவர்கள்தான் அதிகம்.

எங்கள் மலையில் ஒரு டோர்னமென்ட் நடந்தால் கொடி பிடிக்க இரண்டு பேர் கிடைப்பதே பாடு. சாமை அறுத்த நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கீழே போளூரிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ விசில் ஊத ஆள் கூப்பிடுவார்கள். இரண்டு ஊரும் ஒப்புக்கொண்ட ஆளாக இருக்க வேண்டும், அது முதல் நிபந்தனை. அவர் தவறு செய்தால் கூட்டம் உள்ளே வந்துவிடும். அவர் நின்று காரணம் சொல்வார், கொஞ்சம் சத்தம் அடங்கும், ஆட்டம் தொடரும். ஃபிஃபா 2023இல்தான், வி.ஏ.ஆர். முடிவை நடுவர் மைக்கில் சொல்லிக் காரணம் கூற வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எங்கள் விசில்காரர்கள் மைக் இல்லாமலேயே செய்துவந்த வேலை.

பணம் இல்லாத நாடுகளுக்கென்றே ஃபிஃபா இன்னொரு முறையைச் சோதித்திருக்கிறது. தனி அறை இல்லை, வி.ஏ.ஆர். நடுவர் இல்லை. பயிற்சியாளருக்கு ஓர் ஆட்டத்தில் இரண்டு முறையீடு. கேட்டால் மைதானத்து நடுவரே திரையில் போய்ப் பார்த்து முடிவு சொல்வார். 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் பயன்படுத்தினார்கள். கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இது உடனே புரியும். தீர்ப்பு அறைக்குள் ஓடி ஒளியாமல் மைதானத்திலேயே, எல்லார் கண் முன்னாலும் நடக்கிறது. கேட்பதென்றால் நம் கூட்டமைப்பிடம் இதைக் கேட்கலாம். கூடவே நூலிழை ஆஃப்சைடுக்கு ஓர் "அம்பயர்ஸ் கால்", வி.ஏ.ஆர். வரும் நாளில் அறை ஒலிப்பதிவை ஆட்டம் முடிந்ததும் வெளியிடுவது, எல்லாச் சுற்றுக்கும் ஒரே முறை. இவற்றுக்கு முன்னால், மாவட்டந்தோறும் நடுவர் பயிற்சியும், ஊதினால் குடும்பம் நடத்தப் போதுமான ஊதியமும். டீக்கடைப் பையனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "ரெஃப்ரி ஆகணும்னா எங்க எழுதிக் குடுக்கணும் சார்?" மாவட்டச் சங்கம் வழியாக மாநிலக் கால்பந்துச் சங்கத்தின் தேர்வு எழுத வேண்டும் என்றேன். முதலில் ஆஃப்சைடு விதியை முழுசாகப் படி என்றும் சொன்னேன். அதுவரை அவன் அதைப் படித்திருக்கவில்லை.